நாலாவது பாட்டில்

"பொய் சொல்லாத, பெர்மெட். இது ஆத்துத் தண்ணியே இல்ல."

கனிஷாய் டீச்சர் மேஜையைத் தட்டிய தட்டில் சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது. பத்தாம் வகுப்பு மொத்தமும் பெர்மெட்டைத் திரும்பிப் பார்த்தது.

"சத்தியமா ஆத்துலதான் எடுத்தேன், எஜே." அந்த ஊர்ப் பேச்சில் எஜே என்றால் அக்கா; டீச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மூணு தடவ அலசிட்டு, ஓட்டத்துக்கு எதிரா பாட்டிலப் பிடிச்சு..."

"அப்புறம் எப்படிடி இப்படி வரும்?"

டீச்சர் கையில் மாவட்ட ஆய்வகத்தின் தாள். மலைச் சுரங்கத்தின் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே ஆற்றில் நாலு இடம், நாலு பாட்டில். முதல் மூன்று இடத்திலும் பிள்ளைகளே முழங்கால் வரை இறங்கி, பல் கிட்டித்துப்போகும் குளிரில் எடுத்தார்கள். கல்லைப் புரட்டி வலை பிடித்ததில் ஒரு பூச்சிகூடச் சிக்கவில்லை. ஆறு செத்துப்போச்சு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நாலாவது இடம் கடைசி ஊர். பனி உருகிய வெள்ளத்தில் பாலம் போய்விட்டதால் பள்ளி வேன் போக முடியவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பெர்மெட், சனிக்கிழமையானால் மலைப்பாதையில் நடந்தே அந்த ஊரிலிருக்கும் தன் வீட்டுக்குப் போகிறவள். பழுப்புக் கண்ணாடி பாட்டிலை அவளிடம் கொடுத்தனுப்பினார் டீச்சர்.

ஆய்வகம் சொன்னது: மூன்று பாட்டிலிலும் ஆர்சனிக் விஷம், ஒன்றைவிட ஒன்றில் அதிகம். நாலாவதில் சுத்தமான குடிநீர்.

"மத்த ஊர்ல எல்லாம் சாக்கடையா ஓடுது. இவ ஊரு வந்ததும் குளிச்சிட்டுப் போகுது போல," என்றான் கடைசி பெஞ்ச் தலாய்பெக். நாலு பேர் சிரித்தார்கள்.

"வாய மூடுடா." டீச்சர் பெர்மெட் பக்கம் திரும்பினார். "உங்கப்பா சுரங்கத்துல காவலாளிதான? அவர் சொல்லித்தான மாத்துன?"

"இல்ல, எஜே."

"இந்தத் தாள வெச்சுத்தான் குடிநீர்க் குழாய் போடுற பட்டியல் போட்டாங்க. உங்க ஊர் பேர அடிச்சிட்டாங்க, தெரியுமா? மறுபடி ஒரு பாட்டில் அனுப்பறேன்னு போன்ல கெஞ்சிப் பாத்துட்டேன். கையெழுத்து ஆயிடுச்சாம். இனிமே அஞ்சு வருஷம் கழிச்சுத்தானாம்."

பெர்மெட்டுக்கு உதடு துடித்தது. "என் தங்கச்சி அந்த ஆத்துத் தண்ணியத்தான் குடிக்கறா, எஜே. போன மாசம் ஆஸ்பத்திரில கெடந்தா. நான் ஏன் மாத்தப் போறேன்?"

நடிக்கிறாள் என்றே டீச்சருக்குத் தோன்றியது. மூன்று வருஷ உழைப்பு. ஒரு ஊரின் தொண்டை. எல்லாவற்றையும் ஒரு சம்பளத்துக்காக ஆற்றில் விட்டுவிட்டார்களே. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"வா. உங்க வீட்லயே வந்து கேட்டுக்கறேன்."

இரண்டு மணி நேர நடை.

டீச்சரைக் கண்டதும் பெர்மெட்டின் அம்மா சைரகுல் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். விரிப்பு விரித்தாள். ரொட்டி, பாலேடு, பாதாமி ஜாம் என்று இருந்ததையெல்லாம் கொண்டுவந்து பரப்பினாள். ரொட்டியைத் தொடாமல் அந்த வீடுகளில் பேச்சே ஆரம்பிக்க முடியாது. டீச்சர் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, உட்காராமலேயே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"காவலுக்குப் போயிருக்கார், எஜே."

"பாட்டில்ல இருந்த தண்ணிய மாத்துனது அவர்தான?"

சைரகுல் முகம் சிவந்தது. "ஐயோ, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மாத்தினேன்."

பெர்மெட் அம்மாவையே வெறித்தாள்.

"பொண்ணு ஆத்துத் தண்ணியப் பிடிச்சிட்டு வந்து வாசல்ல வெச்சா. யாருக்குடின்னு கேட்டேன். டீச்சர் நம்ம ஊர்த் தண்ணி கேட்டாங்கன்னு சொல்லிட்டு, நடந்து வந்த அலுப்புல தூங்கிட்டா. மூடியத் தொறந்து மோந்து பாத்தேன். எனக்கே குமட்டுச்சு. அவ்ளோ படிச்சவங்க வாய்விட்டுக் கேட்டிருக்காங்க, இதையா குடுத்தனுப்பறதுன்னு மனசு கேக்கல. கீழ கொட்டிட்டு, மறுநாள் கழுதைய ஓட்டிக்கிட்டு மேல ஊத்துக்குப் போயி, பாட்டிலை நல்லாக் கழுவி, ரொப்பிட்டு வந்தேன். போக வர அர நாள் ஆச்சு. பொண்ணுகிட்டகூடச் சொல்லல."

எதற்காகக் கேட்கிறோம் என்று இந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

மூலையில் இருந்த வாளியில் கிண்ணத்தை முக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள் பெர்மெட்டின் தங்கை. மூன்று வயசிருக்கும். கையெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

"அது... அவ குடிக்கறது?"

"அது ஆத்துத் தண்ணிதான், எங்களுக்கு. ஊத்துத் தண்ணிய நாங்க தொடமாட்டோம். வர்றவங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கோம்."

சைரகுல் தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். இத்தனை நாளாகக் கேட்கக் காத்திருந்தவள்போலக் கூச்சத்தோடு கேட்டாள்.

"அன்னிக்குக் குடுத்தனுப்பின தண்ணி நல்லா இருந்துச்சா, எஜே?"