பக்கத்து லாயத்து வாளி

என் மச்சான் சொன்ன இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை.

அவர் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். சவாரிக்காரரின் சின்னச் சைகைக்குக் குதிரை அழகாக நடை போட்டுக் காட்டும் போட்டி ஒன்றுக்காக வெளிநாடு போய் வந்தார். வந்ததும் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்தார்.

“நல்ல வேலையை விட்ட மகராசன்” என்று என் மனைவி இன்னமும் அண்ணனைக் குத்திக் காட்டுவாள்.

அவர் சிரித்துக்கொண்டே சின்னவள் என்ற குதிரையின் கதைக்குப் போய்விடுவார்.

“அஞ்சு வயசுப் பொண்ணு. முதல் விமானப் பயணம். மகாராணி மாதிரி வந்து இறங்கினா. ஆனா தண்ணியை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. புது ஊர்த் தண்ணி, வாசனை பிடிக்கல.”

“அண்ணி போட்ட காபியை நீ மோந்து பாக்கிற மாதிரியா?” என்பாள் என் மனைவி.

“அதேதான். ஒரு நாள் பூரா சொட்டு இறங்கல. சாயங்காலத்துக்குள்ள குடிக்கலைன்னா போட்டி கிடையாதுன்னுட்டார் டாக்டர். வயித்து வலி வந்தா உயிருக்கே ஆபத்து.”

“அப்புறம்?”

“மத்தியானம் சாப்பிடப் போயிருந்தோம். பக்கத்து லாயத்துக்காரன், எங்களுக்குப் போட்டியா வந்தவன், நைசா உள்ள பூந்து எங்க வாளியில எதையோ ஊத்தியிருக்கான்.”

அடுத்தவர் குதிரையின் வாளியைத் தொடுவது அந்தத் தொழிலில் பெரிய குற்றம்.

“அடப்பாவி” என்பார்கள் கேட்பவர்கள். மச்சான் அதற்காகவே காத்திருப்பார்.

“பாவியா? ஊத்தினது ஆப்பிள் ஜூஸுய்யா. புதுத் தண்ணி வாசனையை அது மறைச்சிடும். ஊர்லயே கலந்து குடுத்துப் பழக்கியிருக்கணும், கோட்டை விட்டாச்சு. அதிகாரிங்க வாளியைப் பாத்துட்டு மருந்தோன்னு சின்னவளை நிறுத்தப் போனாங்க. அவனே போய், ‘நான்தான் ஊத்தினேன், வெறும் ஜூஸ்தான்’னு ஒத்துக்கிட்டான். சோதிச்சாங்க, விட்டுட்டாங்க. சின்னவ முதல் பரிசு. அவனை அவன் முதலாளி அன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிட்டார்.”

எதிராளியின் குதிரைக்காக எவன் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வான்? நான் செய்ய மாட்டேன் என்பதால்தான் நம்ப முடியவில்லையோ என்றும் யோசித்திருக்கிறேன்.

போன மாதம் அவர் வேனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்க்கொண்டிருந்தோம்.

“ஜூஸ் ஊத்தினதும் குடிச்சிட்டாளா மச்சான்?” பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“எங்க மாப்பிள்ளை? வாளியை ஏறெடுத்தே பாக்கல. விரலை நனைச்சு உதட்டுல தடவினப்புறம்தான் ஒரு நக்கு நக்கினா. மூணாவது தடவை மூக்கை உள்ள விட்டா பாருங்க, ஒவ்வொரு மடக்குக்கும் ரெண்டு காதும் முன்னாடி வரும், பின்னாடி போகும். அதைப் பாத்துக்கிட்டே நிக்கலாம்.”

சிக்னலில் வேன் நின்றது. சாப்பிடப் போயிருந்த மனுஷர், உதட்டில் தடவியதையும் காது ஆடியதையும் எங்கிருந்து பார்த்தார்?

முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டேவிட்டேன்.

“மச்சான், சின்னவ உங்க லாயத்துக் குதிரையா, பக்கத்து லாயத்துக் குதிரையா?”