இத்தாலியில் குறைவாம்

பலெர்மோவில் ஞாயிறு பூசை முடிந்ததும் விமலராஜ் மனைவியைப் பார்க்க வந்தான். ஜெசிந்தா கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம், தந்தவை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"உம்மை இப்பிடிப் பாத்தால் அழுவாள். எப்ப விடுவினமாம்?"

"கேட்டுப் பாத்தன். ஒண்டும் சொல்லினமில்லை."

அவளைச் சிரிக்க வைக்க நினைத்து, பேப்பரில் வந்த சிறைக் கணக்குச் செய்தியைச் சொன்னான்.

"எந்த நாட்டிலை எத்தினை பேர் மறியலிலை இருக்கினம் எண்டு போட்டிருக்கு. அமெரிக்காவிலை லட்சத்துக்கு ஐந்நூறு பேருக்கு மேலையாம். இத்தாலியிலை நூறு பேர்கூட இல்லையாம். நல்ல நாட்டுக்குத்தான் வந்திருக்கிறம்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கார்ச் சத்தம் கேட்டதும் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ வந்திட்டா."

மொண்டெல்லோ கடலில் குளித்த ஈரத் தலையோடு வீட்டுக்காரி சிஞோரா காரிலிருந்து இறங்கினாள். வெளியே போகும்போதெல்லாம் வேலைக்காரியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது அவள் வழக்கம். ஜெசிந்தாவின் பாஸ்போர்ட்டும் அவளிடம்தான் இருந்தது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாத விமலராஜ் பொலிசுக்குப் போனால், குடும்பத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சிஞோரா அவனைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். மறுபடி பூட்டும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா சன்னலுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"இத்தாலிக் கணக்கிலை என்னையும் சேத்திருப்பினமோ?"

"இல்லை," என்றான் விமலராஜ். "வீடுகளை அவை எண்ணேல்லை."