விருந்தாளியின் பெயர்

டக்காமா கிணற்றுக்குள் கயிற்றை விடுகிறாள். பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டத்துக்கு இந்த வழியைக் காட்டியவள் அவள்தான். வாளி வெறுமையாக வந்தால் ஒட்டகங்கள்கூடப் பிழைக்காது. மாலை வெயிலில் காலடி மணல் காது மடலைப்போலச் சுருண்டு நிற்கிறது. தண்ணீர் என்ற சொல் கேட்டால் போதும், மணல் முந்திக்கொண்டு அதைக் குடித்துவிடும். அதனால் கைக்கு வரும்வரை எல்லோரும் தண்ணீரை 'விருந்தாளி' என்றே சொல்வார்கள். "என்ன கொழுந்தியா, விருந்தாளி வீட்ல இருக்காங்களா, உன் மூஞ்சியப் பாத்து ஓடிட்டாங்களா?" என்கிறான் அவள் அக்கா புருஷன் அமஸ்தான், வெடித்த உதட்டோடு. "சும்மா இருங்க மாமா, கயிறு பேசுறது கேக்கல." ஆழத்தில் 'களுக்' என்கிறது. கயிறு கனக்கிறது. வாளி மேலே வந்ததும் ஒரு கை அள்ளிக் குடிக்கிறாள். தாடையில் வழிவதைத் துடைக்கவில்லை. குனிந்து மணலின் காதிலேயே கத்துகிறாள்: "தண்ணி! தண்ணி! இப்பக் கேட்டுக்கோ!" ஏமாந்த மணல் மெல்லத் தட்டையாகிறது.