முப்பத்தொரு பேர் இல்லாத வகுப்பு

உப்பளம் காலனி பள்ளிக்கூடத்தில் மறுபடியும் மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் தலை நிமிராமல் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுதான் வினையாகப் போனது. பிள்ளைகள் அசையாவிட்டால் அறையில் ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடும், மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் பணம் கொடுத்து மாட்டிய கருவி. பிள்ளைகள் பக்கம் பார்த்தே மாட்டியிருந்ததால் ஆசிரியர் அசைவதை அது சட்டை செய்வதே இல்லை.

"செவ்வந்தி, இன்னைக்கு உன் முறைதானே?" என்றார் தலைமையாசிரியை செல்லக்கனி.

செவ்வந்தி எழுந்து கருவிக்கு நேராக இரண்டு கையையும் வீசினாள். மின்விசிறி சுற்றியது. பாதியில் விட்ட கணக்கை மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.

செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதத்தில் ஒன்பது புகார் எழுதியாகிவிட்டது. வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"டீச்சர், கரண்ட் மிச்சம் பண்ணதுல உங்க ஸ்கூலுக்குத்தான் முதல் பரிசு," என்றார் அதிகாரி. "ஆனா பாதி நேரம் வகுப்புல ஆளே இல்லைன்னு கருவி சொல்லுது. அதனால ஜூன்ல இருந்து ஸ்கூலை மூடுறாங்க."

"சார், முப்பத்தொரு பேரும் என் கண் முன்னாடி உக்காந்திருக்காங்க."

"அதுல பதிவாகலையே டீச்சர்."

செல்லக்கனி போனை வைத்தார். இருபது வருஷமாக ஆடாமல் அசையாமல் உட்காரச் சொல்லி அதட்டிய வாய் அது.

"எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க," என்று கத்தினார். "எழுந்து ஆடுங்க."

பிள்ளைகள் பயந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை.

விளக்கு அணைந்தது.