வெளியே வந்தால்தான் தெரியும்

“கதவைச் சாத்திட்டு வாங்க. அதிராம நடங்க. அதிர்ந்தா அது உள்ள இழுத்துக்கும்.”

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஆய்வக உதவியாளர் வேலைக்கு நேர்காணல். பழைய வேலை போனதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. இதுவும் கைநழுவினால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது.

தலைமை ஆய்வாளரான அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். மேசையில் தாங்கியில் பொருத்திய பூதக்கண்ணாடி. அதனடியில் கண்ணாடிக் கிண்ணம். கடல்நீரில் சுண்டுவிரல் அளவு நத்தை. பக்கத்தில் ஒரு கைபேசி.

“சர்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்திருக்கேன் மேடம்...”

“அதை யாரு கேட்டா? ஓட்டைப் பாசி மூடியிருக்கு. உடம்பைப் பார்த்துச் சொல்லுங்க. கை மட்டும் தண்ணிக்குள்ள போகக் கூடாது.”

குனிந்தான்.

“பாதம் வெளிய வருது மேடம். வெள்ளையில பழுப்புத் திட்டு. மேல ஒரு குழாய் நீளுது. காம்புல கடுகாட்டம் கண்ணு...”

“நிச்சயமா?” நாக்குத் தடித்தாற்போல் குழறினார்.

குடித்திருக்கிறாரோ? “அப்படித்தான் நினைக்கிறேன்...”

“நினைக்காதீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நிதானமாப் பாருங்க. பக்கத்துக் குப்பியில மீன் கழுவின தண்ணி இருக்கு, ஒரு சொட்டு விடுங்க.”

சொட்டுக்குழாயில் உறிஞ்சி ஒரு சொட்டு விட்டான்.

“வாய்... வாய் விரியுது மேடம்! குடை மாதிரி!”

“ஊசியா நீளல?”

“இல்ல மேடம். விரியுது. பிள்ளைகுட்டிக்காரன் மேடம், பொய் சொல்வேனா?”

அவர் கண்களை மூடிக்கொண்டார். தொலைந்தது வேலை என்று நினைத்தான்.

“டாக்டர், கேட்டீங்களா?” என்றார், கைபேசியைப் பார்த்து. “மோசமான ஜாதிதான்.”

“மூச்சுக் கருவியோட வாசலுக்கு வந்துட்டோம் மேடம். அசையாதீங்க,” என்றது அது.

வெளியே சைரன் அலறி நின்றது.

“யாருக்கு என்ன மேடம்?”

இடது கையால் வலது கையைப் பையிலிருந்து தூக்கி மேசைமேல் போட்டார். போட்ட இடத்திலேயே கிடந்தது அது. விரல்நுனியில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி.

“இன்டர்வியூ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல தம்பி. எனக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுது. என்னைக் கொட்டின நத்தை எந்த ஜாதின்னு சொல்ல, அரளாத கண்ணு ஒண்ணு வேண்டியிருந்துச்சு.”