இரண்டாவது பெரிய உருளைக்கிழங்கு

அமெரிக்காவின் ஐடஹோ மாநில நெடுஞ்சாலையில் டெல்மர் கார் ஓட்ட, அவன் மனைவி ஆர்லீன் சாலையோரப் பலகையைச் சத்தமாகப் படித்தாள்.

"'உலகிலேயே இரண்டாவது பெரிய சிமென்ட் உருளைக்கிழங்கு! இன்னும் பத்து மைல்.'"

சிரித்தாள்.

"ரெண்டாவதுக்கு எதுக்கு போர்டு? எந்தக் கிறுக்கன் எழுதினானோ!"

டெல்மர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நீ ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள்.

அடுத்த பலகை வந்தது. "'தாண்டிப் போகாதீர்கள். உருளைக்கிழங்கு அழும்.'"

"இந்தக் காலத்துல இதைப் படிச்சுட்டு யாரு வண்டியை நிறுத்துவா, ஆர்லீன்?" டெல்மரின் குரல் இறங்கியிருந்தது.

கடைசிப் பலகை. "'கணவர் நிறுத்த மறுக்கிறாரா? அவரை இங்கே இறக்கிவிட்டுப் போங்கள். கிழங்கு உரிக்க ஆள் தேவை.'"

ஆர்லீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

டெல்மர் காரை நிறுத்தினான். ராட்சத உருளைக்கிழங்கின் நிழலில் இருந்த வறுவல் கடை, பனிக்காலம் தொடங்கியதிலிருந்து பூட்டிக்கிடந்தது.

ஆர்லீன் கைப்பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீ எழுதின போர்டைப் படிச்சு எனக்குச் சிரிப்பு வராத வருஷம் கடையை மூடிடலாம்னுதானே பேச்சு? இந்த வருஷமும் வந்துடுச்சு. போய் அடுப்பைப் பத்த வை, கிறுக்கா!"