நரி வைத்தியர் கட்டிய மணி

கேட்டால் நம்பமாட்டீர்கள், ஒரு கழுதைக்குட்டி உதைத்த உதையில் ஆலமரமே நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. ஓர் இலை சரசரத்தாலும் போதும், அது மிரண்டு உதைக்கும்.

“இன்னொரு உதை விழுந்தா, தாயும் பிள்ளையும் வேற காடு பாத்துக்கோங்க” என்றது கழுதை மந்தை.

தாய்க்கழுதை பதறிப்போய் நரி வைத்தியரிடம் ஓடினாள்.

“காத்து கருப்பு தாயி” என்று மந்திரித்த மணி ஒன்றைக் குட்டியின் கழுத்தில் கட்டினார் நரி. குட்டி இன்னும் துள்ளியது. இன்னொரு மணி கட்டினார். துள்ளல் கூடக் கூட மணியும் கூடியது.

ஒருநாள் குட்டி சேற்றில் புரண்டது. மணிகளுக்குள் சேறு அடைத்துக்கொள்ள, சாதுவாய் நின்றது.

“என்ன ராசா, உதைக்கலையா?”

“இப்பத்தாம்மா காதுக்குள்ள இடி நின்னுச்சு. எந்தச் சத்தமும் எனக்கு இடிதாம்மா.”

தாய் பிள்ளையின் காதை நக்கிக்கொடுத்தாள். மணிகளை அவிழ்த்துக் கழுவி, தூங்கிக்கொண்டிருந்த நரியின் வாலில் கட்டினாள். நரி துள்ளிய துள்ளலில் மலைக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது.

“ஐயோ பாவம், வைத்தியருக்கும் காத்து கருப்பு! இன்னொரு மணி கட்டுங்கப்பா!” என்றது மந்தையில் ஒரு கழுதை.

மந்தை கெக்கலிக்க வாயைத் திறந்தது.

“மெள்ளச் சிரிங்க, பிள்ளை நிக்கிறான்” என்றாள் தாய்.

கழுதைகள் வாயை மூடிச் சிரித்ததை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.